அயர்லாந்து உள்ளாட்சி ஊழியர்களும் பங்காண்மைக் குழுவும்

நண்பர்களே, வணக்கம்.

அயர்லாந்தில் 1987 முதல் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூடி உட்கார்ந்து நாடு தழுவிய சம்பள ஒப்பந்தம் போட்டு வந்தார்கள். 1997இல் வந்த ‘பார்ட்னர்ஷிப் 2000’ ஒப்பந்தம், இந்தப் பழக்கம் ஒவ்வொரு பணியிடத்துக்குள்ளும் வரட்டும் என்றது. அப்படித்தான் உள்ளாட்சி மன்றங்களில், நிர்வாகமும் ஊழியர்களும் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் பங்காண்மைக் குழுக்கள் வந்தன.

குழுவில் எதைப் பேசலாம்? பயிற்சி, பாதுகாப்பு, தகவல் பரிமாற்றம், வேலை முறை. சம்பளமும் பணி நிபந்தனைகளும் வழக்கமான பேச்சுவார்த்தைக்குரியவை, இங்கே வேண்டாம் என்று பிரித்து வைத்தார்கள். சங்கங்களுக்கும் அதுதான் சௌகரியம். தங்கள் பேரம் பேசும் உரிமையை ஒரு குழுவிடம் யார் தூக்கிக் கொடுப்பார்கள்? ஆனால் சாலையில் தார் போடுகிற ஊழியர் பக்கம் நின்று பாருங்கள். அவரை ராத்திரி தூங்கவிடாத விஷயம் எதுவோ, அது அந்த மேசைக்கு வரவே வராது.

2009இல் பொருளாதார நெருக்கடி முற்றியது. புதிய ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள், ஓய்வூதியத்துக்கென்று சம்பளத்தில் பிடித்தம் வந்தது. ஆண்டு முடிவில் முத்தரப்புப் பேச்சே முறிந்து, 2010 ஜனவரியில் சம்பளம் குறைந்தது. அப்புறம் அதே ஆண்டு, அரசும் அரசு ஊழியர் சங்கங்களும் போட்ட குரோக் பார்க் ஒப்பந்தம்: இனிச் சம்பள வெட்டு இல்லை, கட்டாய ஆட்குறைப்பு இல்லை, பதிலுக்கு, 45 கிலோமீட்டருக்குள் எங்கே மாற்றினாலும் போக வேண்டும். இதைத் தீர்மானித்தது உள்ளூர்க் குழு அல்ல, தேசிய அளவிலான பேரம். ஊழியருக்கு மிஞ்சியது, முடிவைக் கேட்டுக்கொள்வது மட்டும். அதைப் பங்காண்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2014 உள்ளாட்சிச் சீர்திருத்தம் இன்னும் பெரியது. 80 நகர மன்றங்கள் கலைக்கப்பட்டன. 114 அமைப்புகள் 31 ஆயின. லிமெரிக்கிலும் வாட்டர்ஃபோர்டிலும் நகரமும் மாவட்டமும் ஒன்றாயின. குடிநீர்ப் பொறுப்பு ‘ஐரிஷ் வாட்டர்’ நிறுவனத்துக்குப் போனது. குழாயைப் பழுது பார்த்தது என்னவோ அதே மன்ற ஊழியர்தான். யாரிடம் புகார் சொல்வது, யாருடைய உத்தரவு செல்லும்? இது பெரிய கொள்கைச் சிக்கல் இல்லை, அன்றாடத் தொல்லை.

சரி, அந்தக் குழுக்கள் வீணா? அப்படிச் சொல்லமாட்டேன். அதே 2014இல் டிப்பரரி மாவட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். வடக்கு, தெற்கு என்று இரண்டாக இருந்த மன்றம் ஒன்றானது. ஆனால் அலுவலகங்கள் நீனாவிலும் குளோன்மெலிலுமாக இரண்டு. எந்தப் பிரிவின் தலைவர் எங்கே உட்காருவார், இரண்டு ஊர்க் கோப்பு முறைகளில் எது நிற்கும், ஒரே வேலையைச் செய்த இருவரில் யார் எந்தப் பொறுப்புக்குப் போவார்? பங்காண்மை மேசையில் பேசவேண்டியவை இவைதான், அதுவும் இணைப்புக்கு முன்னால்.