கேஸ் கட்டை யாரு பிரிச்சுப் பாத்தா?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். சென்னையில சென்ட்ரல் ஸ்டேஷன் கிட்ட பழைய சென்ட்ரல் ஜெயில் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா, ஜெயிலு புழலுக்குப் போயிடுச்சு, 2009ல அந்தக் கட்டடத்தையும் இடிச்சுட்டாங்க. அந்த ஒரே ஜெயிலு வாசலுக்கு நம்ம மாநிலத்தோட முன்னாள் முதல்வருங்க ரெண்டு பேரு வந்திருக்காங்க. 1996 டிசம்பர் 7ஆம் தேதி கலர் டிவி வாங்குன ஊழல் கேஸ்ல ஜெயலலிதா அம்மா, 28 நாள் உள்ள இருந்தாங்க. 2001 ஜூன் 30ஆம் தேதி, விடியறதுக்கு முன்னாடியே வீடு புகுந்து தூக்கிட்டு வந்தாங்க கலைஞரை, மேம்பாலம் கட்டுன கேஸு, அப்போ அவருக்கு 77 வயசு, ஜெயிலு வாசல்ல தரையிலயே உக்காந்துட்டாரு.

நான் ஜார்ஜ் டவுன் கோர்ட்ல இருபத்தாறு வருஷமா வக்கீல் குமாஸ்தா. வீடு பழைய வண்ணாரப்பேட்டை. எங்க தெருவுல பூ கட்டி விக்கற ஆயா ஒருத்தங்க இருந்தாங்க, 96ல அம்மா வீட்டுல எடுத்த புடவை, செருப்பு, நகை எல்லாம் டிவியில காட்டுனப்போ "நல்லா வேணும், ஏழை காசு சும்மா வுடுமா"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னாங்க, அதே ஆயா 2001ல கலைஞரை இழுத்துட்டுப் போறதைப் பாத்துட்டு அன்னிக்குப் பூ கட்டவே இல்ல, "வயசானவரைப் போய் இப்படிப் பண்றாங்களே"ன்னு ஒரே அழுகை. ரெண்டு தடவையும் அவங்க சொன்னதுல பொய் இல்லைங்க, மனசுல பட்டதைத்தான் சொன்னாங்க. ஆனா கலர் டிவி கேஸ்ல குற்றச்சாட்டு என்னா, மேம்பாலத்துல எந்தக் கணக்கு இடிக்குது, இதை ஆயாவும் கேக்கல, நாங்களும் கேக்கல. மேம்பால கேஸு தண்டனை வரைக்கும் போகவே இல்ல, அது எங்க தெருவுல எத்தினி பேருக்குத் தெரியும்?

கோர்ட்டுல நாங்க கேஸ் கட்டுன்னு சொல்லுவோம், துணியில கட்டி வெச்சிருப்போம், அதைப் பிரிச்சாத்தான் கேஸு. ஜெயலலிதா அம்மாவோட சொத்துக்குவிப்பு கேஸையே எடுத்துக்குங்க. 1991ல முதல்வரா வந்தப்போ சொத்து ரெண்டு கோடி சுமாரு, 96ல இறங்குனப்போ 66 கோடிக்கு மேலன்னு லஞ்ச ஒழிப்புத் துறை சொல்லுச்சு, அந்த அஞ்சு வருஷம் அவங்க வாங்குன சம்பளம் மாசம் ஒரு ரூபா. 97ல குற்றப்பத்திரிகை, 2003ல சுப்ரீம் கோர்ட்டு கேஸைப் பெங்களூருக்கு மாத்துச்சு, தீர்ப்பு வந்தது 2014 செப்டம்பர் 27. நீதிபதி குன்ஹா நாலு வருஷம் ஜெயிலும் 100 கோடி அபராதமும் போட்டாரு. பதவியில இருக்கற முதல்வர் ஒருத்தர் தண்டனையால பதவி இழந்தது நாட்டுலயே அதுதான் மொதல் தடவை.

அன்னிக்கு சனிக்கிழமை. தங்கசாலையில ஷட்டரு எல்லாம் இறங்கிடுச்சு, பஸ்ஸு இல்ல, ஆட்டோ இல்ல. அப்புறம் வந்த நாள்ல பால்குடம், மொட்டை, மண்சோறு, உண்ணாவிரதம், தெருவுக்குத் தெரு அழுகை. காசு குடுத்துக் கூட்டுன கூட்டம்னு வெளியூருக்காரங்க ஈஸியா சொல்லிடுவாங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன், எங்க ஏரியாவுல மூட்டை தூக்கறவங்க காலையில அம்மா உணவகத்துல ஒரு ரூபா இட்லி சாப்ட்டுட்டுத்தான் வேலைக்குப் போனாங்க, வயிறு நெறஞ்ச நன்றி அது, அதை யாரும் கொச்சைப்படுத்தக் கூடாது. ஆனா அதிர்ச்சியிலயும் தற்கொலையிலயும் நூத்துக்கும் மேல பேரு செத்துட்டாங்கன்னு கட்சியே சொல்லி, குடும்பத்துக்கு 3 லட்சம் அறிவிச்சாங்க பாருங்க, அது எனக்கு இன்னி வரைக்கும் தாங்கல. ஒவ்வொன்னும் ஒரு உசுருங்க. அந்த வீட்டுல இருந்த பொண்டாட்டி புள்ளைங்க அப்புறம் என்னா ஆனாங்கன்னு யாரு போய்ப் பாத்தாங்க.

2000 பிப்ரவரி 2ஐ மறக்க முடியுமா, கொடைக்கானல் ஓட்டல் கேஸ்ல அம்மாவுக்குத் தண்டனை வந்த நாளு. தர்மபுரியில அவங்க கட்சிக்காரங்க விவசாயக் கல்லூரி பஸ்ஸைக் கொளுத்துனாங்க, மூணு பொண்ணுங்க உள்ளேயே எரிஞ்சு போச்சுங்க. தீர்ப்பு எழுதுனது ஒருத்தரு, தண்டனை வாங்குனது ஒருத்தரு, செத்தது டூர் முடிச்சுட்டு வந்த புள்ளைங்க. கொளுத்துன மூணு பேருக்குத் தூக்குன்னாங்க, அப்புறம் ஆயுள்னு ஆச்சு, 2018ல வெளியவே வந்துட்டாங்க. கோவம் வந்தா இப்பவும் அந்தப் பஸ்ஸுதான் என் கண்ணு முன்னாடி வருது.

2015 மே 11, சொத்துக்குவிப்பு கேஸ்ல அம்மாவைக் கர்நாடகா ஹைகோர்ட்டு விடுதலை பண்ணுச்சு. இங்க சரவெடி. அடுத்த மாசம் நம்ம ஆர்.கே.நகர்லயே இடைத்தேர்தல்ல நின்னாங்க, ஒன்றரை லட்சத்துக்கும் மேல வித்தியாசம், ஜனங்க தீர்ப்பு சொல்லிட்டாங்கன்னு கொண்டாடுனாங்க. ஆனா அந்த ஹைகோர்ட்டு தீர்ப்புல, வருமானமா சேத்த கடன் லிஸ்ட்டு ஒன்னு இருந்துச்சு, மொத்தம் 24 கோடி 17 லட்சம்னு போட்டிருந்துச்சு, அதுல இருக்கற தொகையை வரிசையா கூட்டுனா 10 கோடி 67 லட்சம்தான் வருது. நான் ஆபீஸ்ல உக்காந்து கால்குலேட்டர்ல ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன். பதிமூணரைக் கோடி வித்தியாசம், அந்தக் கூட்டலு சரியா இருந்திருந்தா கேஸோட கதையே வேற. 2017 பிப்ரவரி 14ல சுப்ரீம் கோர்ட்டு பழைய தண்டனையே சரின்னு சொல்லிடுச்சு, அப்போ அம்மா உயிரோட இல்ல, அதே கேஸ்ல தண்டனை வாங்குன சசிகலா, இளவரசி, சுதாகரன் மூணு பேரும் உள்ள போனாங்க. வெடி வெச்ச எங்க தெரு அன்னிக்கு சும்மா இருந்துச்சு, டீக்கடையில கூட அந்தக் கூட்டலைப் பத்தி ஒரு பேச்சு இல்ல.

காசிமேட்டுல மீன் விக்கற அக்கா ஒருத்தங்க எங்க ஆபீஸுக்கு வருவாங்க. பையன் மேல செல்போன் திருட்டுக் கேஸு. ஜாமீன் கெடச்சிடுச்சு, ஆனா ரெண்டு சூரிட்டி, அதாவது பொறுப்பு ஏத்துக்கற ஆளு ரெண்டு பேரு வேணும், வீட்டு வரி ரசீது வெச்சிருக்கற ஆளு ஒருத்தரும் கையெழுத்துப் போட வரல, அதனால பையன் புழல்லயே கெடந்தான். 2014ல தீர்ப்பு வந்த அந்த சனிக்கிழமை, ஜெயிலுல மனு போட்டுப் பையனைப் பாக்கப் போன அக்கா, திரும்பி வர பஸ்ஸு இல்லாம புழல்ல இருந்து காசிமேடு வரைக்கும் நடந்தே வந்திருக்காங்க, கால் ரெண்டும் வீங்கிடுச்சு. அடுத்த வாரம் அம்மாவுக்காகப் பால்குடம் தூக்குனாங்க, அதே காலோட.

அதே வருஷம் அக்டோபர் 17 சுப்ரீம் கோர்ட்டு அம்மாவுக்கு ஜாமீன் குடுத்துச்சு, மறுநாள் அம்மா வெளிய வந்துட்டாங்க, உள்ள இருந்தது 21 நாளு. அக்கா ஸ்வீட் பாக்ஸோட வந்தாங்க, எல்லாருக்கும் குடுத்தாங்க, அப்புறம் என் டேபிள் பக்கத்துல நின்னு மெதுவா, "சார், அவங்களுக்கும் ரெண்டு சூரிட்டிதானா?"ன்னு கேட்டாங்க. "ஆமாக்கா, சட்டம் ஒன்னுதான், அவங்களுக்கு ஆளு இருக்காங்க"ன்னேன். அவங்க ஒன்னும் பேசல. ஸ்வீட் பாக்ஸை டேபிள்ல வெச்சுட்டு, "அப்போ எம்புள்ளை கட்டைப் பிரிச்சு ஒரு தடவை படிச்சுக் காட்டு சார், உள்ள என்னாதான் எழுதி இருக்குதுன்னு நானும் கேக்கறேன்"ன்னாங்க. மணி அஞ்சரை. கட்டைப் பிரிச்சேன், எஃப்ஐஆர்ல இருந்து ஒவ்வொரு தாளா படிச்சேன், அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து கேட்டாங்க.