மாயூரம் முன்சீப்பும் எங்கள் கிணற்று வழக்கும்

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் பெருமக்களே, காப்பித் தோட்ட வேலையை முடித்துக் கைகால் கழுவிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். நீதிபதி ஐயா முழங்கால் வலியோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்கு வந்திருக்கிறார்கள். அதற்கு முதலில் ஒரு பலத்த கைதட்டல் கொடுங்கள்.

மாயூரம் என்ற மயிலாடுதுறையில் முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளையைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அவர் வாழ்க்கை, அவர் பாட்டு, அவர் செய்த மொழிபெயர்ப்பு.

திருச்சிக்குப் பக்கத்தில் குளத்தூரில் 1826இல் பிறந்தவர். நீதிமன்றத்தில் பணிக்குச் சேர்ந்து முன்சீப்பாக உயர்ந்தார். 1859இல் நீதிநூல் என்று செய்யுள் நூல் எழுதினார். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் பட்டினி கிடந்தபோது தன் சொத்தை எடுத்துக் கஞ்சி ஊற்றினார். அந்த வேதனையைக் கீர்த்தனையாகவும் பாடினார். கொடி பிடித்துப் பாடுவது மட்டும்தானா நாட்டுப்பற்று? பசித்தவனுக்காகப் பாடியதும் நாட்டுப்பாட்டுதான் என்பேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஆங்கிலத்தில் கிடந்த மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் அச்சிட்டவர் அவர். 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரம் என்ற அவருடைய நாவலிலும், தமிழ் பேசும் ஊரில் ஆங்கிலத்தில் வழக்காடுவதை வெளுத்து வாங்குகிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். அது அவருக்குப் பட்டறிவு.

வாழப்பாடிப் பக்கம் எங்களுக்கு ஒரு கிணறு. பங்காளியான பெரியப்பாவோடு முறைத் தண்ணீர்த் தகராறு. பதினோரு வருஷம் வழக்கு நடந்தது. தீர்ப்பு நாளில் அப்பா வக்கீலுக்கு ஒரு பை மாம்பழம் கொண்டு போனார். வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தார். தீர்ப்பை ஆங்கிலத்தில் மளமளவென்று வாசித்தார்கள். அப்பா கோர்ட்டுச் சேவகரான டவாலியைப் பார்த்தார், டவாலி அடுத்த வழக்குக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எதிரே பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைக்கிறார். ஜெயித்த சந்தோஷத்தில் அழுகிறார் போல என்று அப்பாவுக்கு நெஞ்சு அடைத்துப்போயிற்று. இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள், பேச்சில்லை. அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் பெரியப்பா மெல்ல, “தம்பி, கிணறு உனக்கே போச்சு. பயிர் காயாம எனக்கும் கொஞ்சம் தண்ணி விடுடா” என்றார். அப்பா திகைத்துப் போய், “அண்ணா, நான்ல தோத்தேன்?” என்றார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மாம்பழத்தைப் பஸ்ஸிலேயே பங்கு போட்டார்கள். மறுநாள் வக்கீல் சொன்னார்: ஆளுக்கு மூன்று நாள் தண்ணீர், ஞாயிறு மோட்டார் ஓடக்கூடாது. அவ்வளவுதான் தீர்ப்பு! அதைத் தமிழில் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? அந்தத் தீர்ப்புநகல் இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய்.

உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அது இன்னும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கிறது. சரி, அது நடக்கும்போது நடக்கட்டும். வழக்காடிய ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஒரு தீர்ப்புநகல், காசில்லாமல். நாம் கேட்பது அதைத்தான். முன்சீப்பின் பாட்டுகளைப் பாடிக் காட்ட நேரமில்லை, மன்னியுங்கள். வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்துப் போட நீதிபதி ஐயா இசைந்திருக்கிறார்கள். அவர்கள் பின்னால் வரிசையில் வாருங்கள்.