புள்ளி வரியும் எண்ணெய்க் கிணறும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்டுக்கு ஒரு முறை கணக்கு வாசிப்பார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும். ஐயாவோடு போய் மண்டபத் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். கணக்கப்பிள்ளை பேரேட்டைப் பிரித்து, வரவு இன்னது, பற்று இன்னது என்று இழுத்து வாசித்துக்கொண்டே வந்தார். திருவிளக்குக்கு எண்ணெய் என்ற இடம் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நொடித்துப்போன குடும்பத்துக்காரர், அவர் வீட்டு வளவில் ஓடு சரிந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். "போன வருடத்தைவிட நான்கு டின் கூடியிருக்கிறதே, எந்த விளக்குக்கு?" என்று கேட்டார். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த பெரியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஒருவரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை சீட்டுக்கட்டை அவிழ்த்துத் தேடிப் பதில் சொன்னார்.

வீடு திரும்பும்போது ஐயா சொன்னார்: "அவரும் ஒரு புள்ளி, நானும் ஒரு புள்ளி. வரி கொடுத்தவர் கேட்கத்தான் செய்வார்."

நகரத்தார் என்னும் எங்கள் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தில் திருமணமான ஒவ்வொரு தம்பதியும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. இதை மக்களாட்சி என்று நான் சொல்ல வரவில்லை. அது ஒரு சாதிக்குள் நடந்த ஏற்பாடு. எங்கள் ஆச்சிகள் யாரும் அந்த மண்டபத்தில் எழுந்து கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் வரிக்கும் கேள்விக்கும் உள்ள உறவை நான் கற்றது அங்கேதான். எண்ணெய் வளம் நிறைந்த பல நாடுகளில் மக்களாட்சி ஏன் வேர்பிடிக்கவில்லை என்று படிக்கத் தொடங்கியபோது, அந்த நான்கு டின் எண்ணெய்தான் என் நினைவுக்கு வந்தது.

1970இல் ஹொசைன் மஹ்தவி என்ற ஈரானியப் பொருளியலாளர் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். பூமிக்கடியிலிருந்து வரும் பணம் ஓர் அரசுக்கு வாடகை போன்றது. வாடகையில் வாழும் அரசு தன் மக்களிடம் கைநீட்ட வேண்டியதில்லை. கைநீட்டாத அரசுக்குக் கணக்குக் காட்டும் கட்டாயமும் இல்லை.

குவைத்தின் கதையைக் கேளுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலைக்குப் போகும் ஊர் அது. எண்ணெய்க்கு முன்னால் அது முத்துக்குளிப்பவர்களின், கடலோடி வணிகர்களின் ஊர். பாஸ்ராவின் பேரீச்சம்பழத்தை ஏற்றிக்கொண்டு அவர்களுடைய பாய்மரக் கப்பல்கள் பம்பாய்க்கும் கோழிக்கோட்டுக்கும் வந்தன. நம் வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு வந்ததுபோல அவர்களுடைய கப்பல்களுக்கு மலபார்த் தேக்கு போயிற்று. அங்கே 1961 வரை புழங்கியதும் ரூபாய்தான். அந்நாளில் ஆட்சியாளரான ஷேக்கின் கருவூலம் வணிகர்களின் கையில் இருந்தது. ஷேக் முபாரக் வரியை ஏற்றியபோது, 1910 வாக்கில், பெரிய முத்து வணிகர்கள் சிலர் கப்பலேறி பஹ்ரைனுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போனால் வருமானமும் போகும். ஷேக் இறங்கிவந்து சமாதானம் பேசித் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

1938இல் அந்த வணிகக் குடும்பங்கள் கூடி 14 பேர் கொண்ட ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தன. வரவுசெலவும் சுங்கமும் சபையின் பார்வைக்கு வந்தன. அதே ஆண்டில்தான் குவைத்தின் புர்கான் பகுதியில் எண்ணெய் கிடைத்தது. எண்ணெய்க் கம்பெனி கொடுக்கும் பணமும் சபைக்கே வர வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். அந்த டிசம்பரிலேயே சபை கலைக்கப்பட்டது. ஆறு மாதம்தான் அது உயிரோடு இருந்தது.

1946இல் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கிய பிறகு எல்லாம் தலைகீழாயிற்று. குடிமக்களுக்கு வருமான வரி இல்லை. படிப்பு இலவசம், வைத்தியம் இலவசம், அரசு வேலை. நல்லவைதான், மறுக்கவில்லை. ஆனால் முபாரக்கின் காலத்தைப் போலக் கப்பலேறிப் போகிறேன் என்று ஒரு வணிகர் சொன்னால் இனி யாருக்கு நட்டம்? உழைப்புக்கும் குடிமக்களை நம்ப வேண்டியதில்லை; அங்கே வசிப்பவர்களில் பெரும்பகுதியினர் நம்மைப் போன்ற வெளிநாட்டார். அப்படியிருந்தும் 1962இல் அரசியல் சட்டம் வந்தது, 1963இல் தேசிய சபை கூடியது. வளைகுடாவிலேயே துணிந்து கேள்வி கேட்ட சபை அதுதான். பழைய வணிகர்களின் அந்தப் பழக்கம் எளிதில் சாகவில்லை என்றே நான் நினைக்கிறேன். 1976, 1986 என்று அந்தச் சபை முடக்கப்பட்டது. கடைசியாக 2024 மே மாதத்தில், நான்கு ஆண்டுகள் வரை என்று சொல்லி மறுபடியும் கலைத்திருக்கிறார்கள்.

வெனிசுவேலாவில் வேறு விதம். அங்கே 1958 முதல் தேர்தல் ஆட்சி ஒழுங்காகவே நடந்தது. எண்ணெய்ப் பணம்தான் அதைத் தாங்கியது. எண்பதுகளில் விலை சரிந்தபோது அந்த ஆட்சியின் மீதிருந்த நம்பிக்கையும் சரிந்தது. 1989இல் தலைநகர் கராகஸ் கலவரத்தில் பற்றி எரிந்தது. 1998இல் அதிபர் தேர்தலில் ஹியூகோ சாவேஸ் வென்றார். வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து 2003இல் அரசு எண்ணெய் நிறுவனத்திலிருந்து சுமார் 18,000 பேர் நீக்கப்பட்டார்கள். அதன் பிறகு பெட்டிச் சாவி ஒருவர் இடுப்புக்குப் போய்விட்டது.

நார்வே மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். 1969இல் அங்கே எண்ணெய் கிடைத்தபோது, 1814இன் அரசியல் சட்டமும், வரி கட்டிக் கேள்வி கேட்கும் குடிமக்களும் ஏற்கெனவே இருந்தார்கள். எண்ணெய் வருமானத்தை 1996 முதல் தனி நிதியில் போட்டுவைக்கிறார்கள். அதிலிருந்து ஆண்டுக்கு 4 சதவீத அளவில்தான் எடுக்கலாம் என்று 2001இல் விதித்து, 2017இல் அதையும் 3 ஆகக் குறைத்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: இவ்வளவு செல்வம் இருந்தும் நார்வேக்காரர் இன்றும் கனத்த வருமான வரி கட்டுகிறார்.

எங்கள் ஊர்க் கோயிலுக்கு வருகிறேன். நான் வேலைக்குப் போன காலத்தில், வசதியான ஒருவர் முன்வந்து, இனி யாரும் வரி தர வேண்டாம், பூசை முதல் திருப்பணி வரை எல்லாம் என் பொறுப்பு என்றார். மகிழ்ந்து கைதட்டினோம், நானும் தட்டினேன். நல்ல மனிதர், ஒரு காசும் அவர் தொட்டதில்லை. ஆனால் மறு ஆண்டு கணக்கு வாசிக்க நாற்பது பேர் வந்தோம். அதற்கடுத்த ஆண்டு பன்னிரண்டு பேர். பிறகு வாசிப்பதே நின்றுவிட்டது. அவர் காலமான பின், நந்தவனத்து நிலத்தில் ஒரு பகுதி யார் பேரில் இருக்கிறது என்று கேட்டபோது, பதில் சொல்ல ஆளும் இல்லை, ஏடும் இல்லை.

வருகிற மாதம் ஊர்க் கூட்டம் கூடுகிறது. புள்ளிக்குப் பத்து ரூபாயாவது மறுபடி வரி போட வேண்டும், பேரேட்டை மண்டபத்தில் வைத்து எல்லோர் காதிலும் விழ வாசிக்க வேண்டும் என்று எழுந்து கேட்கப்போகிறேன். முதல் பத்து ரூபாயைச் சட்டைப்பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.