அளவுநாடாவுடன் வீடு பார்ப்போம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

வீடு வாங்கப் போகிறவர்கள் வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறார்கள், தண்ணீர் எப்படி என்று விசாரிக்கிறார்கள், பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுகிறார்கள். குளியலறைக் கதவை அளந்து பார்ப்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். நானும் அளக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்த என் தாயார் சக்கர நாற்காலியில் வீடு திரும்பிய அன்றுதான், இரண்டரை அடிக் கதவு என்று சொல்லப்பட்டதில் நிலைச்சட்டமும் கதவின் கனமும் போக எஞ்சியது 25 அங்குலமே என்பதும், நாற்காலியின் அகலம் 26 அங்குலம் என்பதும் எங்களுக்குத் தெரியவந்தன. சக்கரத்தின் மேலிருந்த அவருடைய விரல்கள் நிலையில் உரசித் தோல் பிய்ந்துவிட்டது.

ஆகவே, அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தெருவிலிருந்து தொடங்குங்கள். சாய்தளம் ஓர் அங்குலம் உயர 12 அங்குல நீளம் வேண்டும் என்பது கட்டட விதிகள் ஏற்றுக்கொண்ட கணக்கு. அப்படியானால் ஒன்றரை அடி உயர வாசலுக்கு 18 அடிச் சாய்தளம் தேவை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பலர் செய்ததுபோல் தரைமட்டத்தை 3 அடி உயர்த்தினால் 36 அடி. அவ்வளவு இடம் எத்தனை மனைகளில் இருக்கிறது? படி ஏற முடியாதவருக்குத் தரைத்தளமே நல்லது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தண்ணீர் தேங்கும் பகுதியில், இரவில் வெள்ளம் புகுந்தால் முதலில் அகப்படுபவரும் அவர்தான். அங்கே, மின்தடையிலும் ஜெனரேட்டரில் இயங்கும் லிஃப்ட் உள்ள மேல்தளமே பாதுகாப்பானது என்பது என் கருத்து. லிஃப்டுக்கு முன்னால் இரண்டு படிகள் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்; அப்படிக் கட்டப்பட்ட குடியிருப்புகள் ஏராளம்.

குளியலறையில் நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி வெற்றிடம் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொண்டால் உதவிக்கு யாரும் நுழைய முடியாது. தரைக்கு வழுக்காத சொரசொரப்பான டைல்ஸே ஏற்றது.

கட்டும்போதே சொல்லிவிட்டால் 3 அடி நிலை வைப்பது மேஸ்திரிக்குப் பெரிய வேலையல்ல. நாங்கள் டைல்ஸ் ஒட்டிய சுவரை இடித்து அகலப்படுத்த இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை என் தாயார் பின்கட்டில், புடவை கட்டி மறைத்த இடத்தில் குளித்தார்.