சுவருக்குள் தூங்கும் கிருமி

(மும்பை தாராவியில், ஒரு ஞாயிறு மாலை நம் தமிழ்க் குடும்பங்கள் முன் பேசியது)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

போன வருடம் ஒரு தம்பி என்னிடம் வந்தார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, தலையில் சுமந்து மாட்டுங்கா வரை நடந்து விற்றுவிட்டு வருகிறவர். ஐந்து வருடமாகச் சர்க்கரை. "சுகர் கூடிப்போச்சுக்கா, அதான் இளைச்சுட்டேன்" என்றார். இருமுகிறாயே என்றேன். "அது அடுப்புப் புகை." எத்தனை நாளாக? "ஒரு மாசம் இருக்கும்." சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே என் இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. சளியைச் சோதித்தால் டி.பி.

"பீடி கிடையாது, தண்ணி கிடையாது, எனக்கு எப்படிக்கா வந்துச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

டி.பி. காற்றில் வருகிறது. தட்டிலோ டம்ளரிலோ ஒட்டிக்கொண்டு வருவதில்லை. தட்டைத் தனியாக வைத்து மனிதரை நோகடிக்க வேண்டாம். நோய் உள்ளவர் இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள், ஜன்னல் இல்லாத நம் பத்துக்குப் பத்து கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் அடியில் இருக்கும் காற்றுப்பைக்குப் போய்ச் சேரும். அங்கே மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல் காவலுக்கு நிற்கிறது. வேறு கிருமியாக இருந்தால் விழுங்கி, அமிலப்பைக்குள் தள்ளிக் கரைத்துவிடும். டி.பி. கிருமிக்கோ மெழுகு பூசினாற்போலத் தடித்த மேலுறை. அந்த அமிலப்பை தன் பக்கம் வராமலே தடுத்துவிட்டு, விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

உடம்பு சும்மா விடுமா? சில வாரங்களில் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் வந்துவிடும். அவை இன்டர்ஃபெரான் காமா என்ற ஒன்றைச் சுரந்து, ஏமாந்துபோன மேக்ரோஃபேஜ்களை உசுப்பிவிடும். அப்புறம் செல்கள் ஒன்றோடொன்று நெருங்கி நின்று, கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பும். கிரானுலோமா என்பது இதுதான், கடுகளவே இருக்கும். உள்ளே பிராணவாயு குறைவு. கிருமி சாகாது, தூங்கிப்போகும். கிருமி புகுந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படியே ஆயுசு முழுக்க நோயில்லாமல் வாழ்ந்துவிடுகிறார்கள். எனக்குள்ளேயும் அப்படி ஒரு கடுகு இருக்கலாம், உங்களுக்குள்ளேயும் இருக்கலாம்.

ஆனால் அது செங்கல் சுவர் இல்லை, உயிருள்ள சுவர். நிற்கிற செல்கள் சாகச் சாகப் புதிய செல்கள் வந்து நிற்க வேண்டும். பட்டினி அந்தச் சுவரைக் கரைக்கும். புகை கரைக்கும். எச்.ஐ.வி. வேகமாகவே கரைக்கும். நம் தெருவில் நான் அதிகம் பார்க்கிறது சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் காவல் செல்கள் மந்தமாகிவிடும், ஆபத்து என்று தகவல் போகவே தாமதமாகும். சர்க்கரை உள்ளவருக்கு டி.பி. வர மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு வாய்ப்பு உண்டு. டி.பி. வந்தால் சர்க்கரையும் ஏறும். இளைப்பது இரண்டிலும் உண்டு, அதனால்தான் அந்தத் தம்பி ஒரு மாதம் ஏமாந்தார்.

சரி, மருந்துக்கு வருவோம். வயிற்றுப்போக்குக் கிருமி சில இருபதே நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். டி.பி. கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அது பெருகும்போதுதான் மருந்து நன்றாகப் பிடிக்கும், தூங்கும் கிருமியைப் பிடிக்க நாள் ஆகும். இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் மூன்று மருந்து என்பது இதற்காகத்தான். இரண்டாம் மாதத்தில் இருமல் நிற்கும், பசி எடுக்கும், எடை ஏறும். அப்போது நிறுத்தினால், மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரக்கூடும். தயவுசெய்து அந்த இடத்தில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அந்தத் தம்பியின் மனைவி, மருந்து தொடங்கிய மறுநாள் காலை ஆறு மணிக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சிறுநீர் ரத்தமாப் போகுதுக்கா!" ரத்தம் இல்லையம்மா, ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் என்று சொல்லி அனுப்பினேன். ஆரஞ்சும் சிவப்புமாகத்தான் போகும். முதல் நாளே இதை நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது யாருக்கும் சொல்லாமல் மாத்திரை தருவதில்லை.

வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று பயப்படுகிறீர்கள். அதைச் சோதித்துப் பார்த்த ஊர் நம் சென்னை. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியம் என்ற டி.பி. ஆஸ்பத்திரியிலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. வீட்டில் இடநெருக்கடி, சாப்பாடும் குறைவு. இருந்தும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் அந்த முடிவு வெளிவந்தது, உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அதற்காகச் சாப்பாட்டை விட்டுவிடக் கூடாது. ஜார்க்கண்டில் நோயாளியின் குடும்பத்துக்கு அரிசி, பருப்பு கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு டி.பி. வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்ததாக 2023இல் தெரியவந்தது. சுவர் கட்ட உடம்புக்குச் சரக்கு வேண்டும் இல்லையா? சிகிச்சையில் இருக்கும்வரை அரசு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. கேட்டு வாங்குங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணமில்லாத இளைப்பு இருந்தால் சளி கொடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். விடிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து இருமித் துப்ப வேண்டும். எச்சில் வேண்டாம், நெஞ்சுச் சளிதான் வேண்டும். டப்பா வாசல் மேஜையில் இருக்கிறது. போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக் காலை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.