ஆப்பு ஷேப்ல ஒரு பப்: லண்டன் பிளாக் ஃப்ரையர் கதை

லண்டன்ல பிளாக்ஃப்ரையர்ஸ் ஸ்டேஷன் பக்கம் போனீங்கன்னா இந்த பில்டிங்க மிஸ் பண்ணவே முடியாது, ஒரு பக்கம் ரோடு, இன்னொரு பக்கம் ரயில் பாலம், நடுவுல மரம் பிளக்குற ஆப்பு மாதிரி கூரா நிக்குது. பேரு தி பிளாக் ஃப்ரையர். முனைல கதவுக்கு மேல பாருங்க, குண்டா ஒரு சாமியார் சிலை, செம ஜாலியா சிரிச்சுட்டு நிக்கிறார்.

உடனே அறுநூறு வருஷ மடம்னு நினைச்சுடாதீங்க, இடம் மட்டும்தான் பழசு. 13ம் நூற்றாண்டுல இருந்து இங்க டொமினிக்கன்னு ஒரு கத்தோலிக்க சபை துறவிகளோட மடம் இருந்துச்சு, ஃப்ரையர்னா துறவி, அவங்க போட்ட கறுப்பு அங்கியாலதான் ஏரியாவுக்கே இந்த பேரு. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி, ராணி கேத்தரின கழட்டிவிட பாத்தாரே, 1529ல அந்த விசாரணை நடந்தது இந்த மடத்துலதான். அப்புறம் 1538ல மடத்தையே மூட வச்சுட்டார், என்ன மனுஷனோ!

இப்ப இருக்குற பில்டிங் 1875ல கட்டினது. அதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் குயின் விக்டோரியா ஸ்ட்ரீட்ட பழைய தெருக்கள வெட்டிக்கிட்டு போட்டாங்க, அதுல இப்படி கோணலா சிக்கின மனை இது, யாரும் ஸ்டைலுக்காக டிசைன் பண்ணல.

ஸ்டைல் எல்லாம் 1905 வாக்குல வந்தது. ஆர்க்கிடெக்ட் ஹெர்பர்ட் ஃபுல்லர் கிளார்க்கும் சிற்பி ஹென்றி பூலும் சேர்ந்து உள்ள பூரா பளிங்கு, செம்பு சிற்பம்னு இழைச்சுட்டாங்க. எனக்கு பிடிச்சது இது, துறவிங்க மும்முரமா மீனும் விலாங்கும் பிடிச்சுட்டு இருக்காங்க, கூடவே "நாளைக்கு வெள்ளிக்கிழமை"ன்னு எழுதிருக்கு. கத்தோலிக்க வழக்கப்படி வெள்ளிக்கிழமை கறி தொடக்கூடாது, மீன் சாப்பிடலாம்ல, அதான் முதல் நாளே இந்த ஓட்டம்! பக்திய கிண்டல் பண்ணாம துறவிங்கள மட்டும் செல்லமா கலாய்ச்சிருக்காங்க, அது ஈஸி இல்ல.

1960கள்ல இந்த ஆப்புக்கே ஆப்பு வைக்க பாத்தாங்க, ஏரியாவ புதுசா மாத்துறோம்னு இடிக்க பிளான். கவிஞர் ஜான் பெட்ஜமன் முன்னால நின்னு சண்டை போட்டதுல தப்பிச்சுது, இப்ப முக்கியமான பழைய கட்டிடங்களுக்கு அரசு குடுக்குற கிரேடு டூ ஸ்டார் பாதுகாப்பு இருக்கு, ஈஸியா கை வைக்க முடியாது.

போனா பீர வாங்கிட்டு வாசல்லயே நிக்காதீங்க, பின்னாடி ரூமுக்கு போங்க. வளைவு கூரை, மொசைக், சுவர் பூரா பழமொழி. அதுல ஒண்ணு: "விளம்பரம் பண்ணாத, வம்பு பேசுறவங்ககிட்ட சொல்லு." இந்த சேனலுக்கும் அதான் பாஸ் பிளானு, நாலு பேர்கிட்ட சொல்லிடுங்க.