பிள்ளைகள் மேல் பாரத்தை ஏற்றாதீர்கள்

நடுவர் அவர்களே, தருமபுரி கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பெரியோர்களே, வணக்கம். நினைவு தப்பிப் படுத்துவிட்டால் சிகிச்சை பற்றிய முடிவை முன்பே எழுதி வைப்பதா, குடும்பத்திடம் விட்டுவிடுவதா என்பது இன்றைய வழக்கு. எழுதி வைக்க வேண்டும் என்பது எங்கள் அணி.

"பெத்த பிள்ளைங்க இருக்கும்போது பத்திரம் எதுக்கு?" என்று எதிரணி கேட்டது. பிள்ளைகளின் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐசியூ வாசலில் மகன் "வென்டிலேட்டரை எடுத்துடலாம்" என்கிறான், மகள் "கூடவே கூடாது" என்கிறாள். இரண்டும் பாசம்தான். அப்பாவின் விருப்பம் மட்டும் யாருக்கும் தெரியாது. ஒரு பருவத்து மாங்காய்க்குக் குத்தகை பேசினாலே எழுதி வாங்குகிற ஊர் நம் ஊர். உயிர் விஷயத்தை வாய்ப்பேச்சுக்கு விடலாமா?

சட்டம் நமக்கு வழி விட்டிருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்த ஆவணத்தை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்தும் வேண்டும் என்றிருந்தது; அந்த அலைச்சலுக்கு அஞ்சியே பலர் எழுதவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். 18 வயது நிறைந்து தெளிந்த மனநிலையில் இருப்பவர், இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். பத்திரப் பதிவு அலுவலகம் போக வேண்டியதில்லை.

காரியம் கெடுவது எழுதும் விதத்தில்தான். "என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று ஒரே வரி எழுதினால் மருத்துவர் அதை வைத்து என்ன செய்வார்? குணமாகவே வழியில்லை என்ற நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா, டயாலிசிஸ் வேண்டுமா, மூக்குக் குழாய் வழி உணவு வேண்டுமா, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க வேண்டுமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். உங்களுக்காகப் பேச வேண்டியவர் பெயரை எழுதுங்கள். அவர் வர முடியாமல் போனால் என்று இன்னொருவர் பெயரும் இருக்கட்டும். எழுதிய சேதியை அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ஆவணம் பீரோவில், சாவி படுத்திருப்பவரிடம்! நகல் குடும்ப மருத்துவரிடம் ஒன்று, உள்ளாட்சி அலுவலகத்தில் ஒன்று, பெயர் குறித்தவர்களிடம் ஒவ்வொன்று இருக்க வேண்டும்.

"தொப்பூர் கணவாயில் அடிபட்டுக் கிடந்தால், இந்தக் காகிதத்தைக் காட்டிச் சாக விட்டுவிடுவார்களே" என்று எதிரணி பயமுறுத்தியது. அது தவறு. பிழைக்க வழி இருக்கும்வரை இந்த ஆவணம் பேசவே பேசாது. சிகிச்சை தரும் மருத்துவரோடு ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்கள் சேர்ந்த முதல் குழு பார்க்கும். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பவர் ஒருவரும் வேறு இரண்டு நிபுணர்களும் கொண்ட இரண்டாம் குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதன் பிறகும் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தந்துதான் கருவியை எடுப்பார்கள். வலி தீர்க்கும் மருந்தை எந்தக் கட்டத்திலும் நிறுத்த மாட்டார்கள். ஊசி போட்டு உயிரை எடுப்பதற்கு நம் நாட்டில் அனுமதியே கிடையாது.

ஓசூர்ப் பக்கத்து மக்களுக்கு ஒரு வார்த்தை. அவசரம் என்றால் நீங்கள் ஓடுவது பெங்களூருக்கு. தீர்ப்பு நாடு முழுவதற்கும் பொது. கர்நாடக அரசும் 2025 ஜனவரியில் இதற்கெனச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஆனால் தமிழில் மட்டும் எழுதியிருந்தால் அங்குள்ள மருத்துவர் படிக்கத் தடுமாறுவார். ஆங்கிலத்திலும் ஒரு படி எழுதி, இரண்டிலும் கையெழுத்தும் சான்றும் வாங்கிவிடுங்கள். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். புதிதாக எழுதினால் பழைய நகல்களைத் திரும்ப வாங்கிவிடுங்கள், நடுவர் அவர்களே. இரண்டும் கையில் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும்.